குலைக்கு எவ்வளவு வெயில்? ஒயின் திராட்சையின் மணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது உத்தமபாளையம் பக்கம். சித்தப்பாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல். பிழைக்க வந்த இடம் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் மலைப்பகுதி. இங்கே ஆறு பருவமாக ஒயின் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து, கம்பி கட்டுவது, இலை பறிப்பது, அறுவடை என்று எல்லா வேலையும் பார்த்துவிட்டேன். ஊருக்குப் போகும்போது சித்தப்பா கேட்கிற கேள்விகளும், இங்கே ஒயின் குடிக்கும் தமிழ் நண்பர்கள் கேட்கிற கேள்விகளும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: குலையின் மேல் வெயில் பட வேண்டுமா, கூடாதா? ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

வெயில் பட்டால்தானே பழம் இனிக்கும்?

இல்லை. எல்லாரும் முதலில் தவறுவது இங்கேதான். சர்க்கரையைச் செய்வது இலை. பழம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம். இலைக்கு நல்ல வெயில் கிடைத்தால் போதும், குலை இருட்டில் தொங்கினாலும் இனிப்பு ஏறிவிடும்.

ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் திராட்சையில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். பூப்பதற்கு முன்பே குலையை ஒரு பெட்டிக்குள் விட்டு மூடிவிடுவது. பெட்டிக்கு வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு. காற்று போக வழி உண்டு, வெளிச்சம் நுழைய வழியில்லை. அறுவடையில் பெட்டிக்குள் இருந்த பழத்தில் சர்க்கரை ஏறக்குறைய வெளியே இருந்த பழத்தின் அளவுக்கே இருந்தது. ஆனால் வெயிலுக்கு எதிராகத் தோல் சேர்த்து வைக்கும் ஃபிளேவனால் என்ற பொருள் உள்ளே இருந்த பழத்தில் மிகவும் குறைந்துபோயிருந்தது. அந்தப் பழத்தில் செய்த ஒயினில் நிறமும் குறைவு, சில மணப்பொருள்களும் குறைவு.

இனிப்பு இலையின் கணக்கு, மணம் பெரும்பாலும் தோலின் கணக்கு. தோலுக்குத்தான் வெயில் தெரியும்.

மணம் என்றால் என்ன, ஒரே பொருளா?

ஒரே பொருளாக இருந்தால் இந்தப் பக்கமே தேவையில்லை. ஒயினில் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உண்டு. நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்குபவை பல, மரப்பீப்பாய் கொடுப்பவை சில. கொடியிலேயே பழத்துக்குள் உருவாகி, வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்ப ஏறி இறங்குபவை என்று பார்த்தால் நான்கு கூட்டத்தை முக்கியமாகச் சொல்வேன்: குடைமிளகாய் வாசனை தரும் பைரசின்கள், பூ வாசனை தரும் டெர்பீன்கள், கரோட்டினாய்டு உடைந்து வருபவை, பிறகு மிளகு வாசனை தரும் ரோட்டண்டோன். நான்கும் வெயிலுக்கு நான்கு விதமாக நடந்துகொள்ளும். ஒன்றுக்கு நல்லது செய்கிறேன் என்று இலையைப் பறித்தால் இன்னொன்று ஓடிவிடும்.

சில ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசனை வருகிறதே, அது கலப்படமா?

கலப்படம் இல்லை, நிழல். குடைமிளகாயை நறுக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அதே பைரசின்தான் சோவின்யான் பிளாங்க், கேபர்னே சோவின்யான், கேபர்னே ஃபிராங்க், மெர்லோ, கார்மெனேர் திராட்சைகளிலும் இருக்கிறது. எல்லாம் உறவுக்காரர்கள். கேபர்னே ஃபிராங்குக்கும் சோவின்யான் பிளாங்குக்கும் பிறந்த பிள்ளைதான் கேபர்னே சோவின்யான் என்று 1997இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணு பார்த்துச் சொன்னார்கள். சிவப்புத் திராட்சைக்கு வெள்ளைத் திராட்சையின் வாசனை எப்படி வந்தது என்று கேட்பவருக்கு, தாய் தகப்பன் வழியாக என்பதே பதில்.

பைரசினின் வீரியத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் சின்டெக்ஸ் தொட்டி ஆயிரத்தை வரிசையாக வைத்து நிரப்பி, எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 மில்லிகிராம் போட்டால் போதும். விரல்நுனியில் ஒட்டும் உப்புத்தூள் அளவுதான் அது. சிவப்பு ஒயினில் மற்ற வாசனைகள் மூடிவிடுவதால் 10, 15 நானோகிராம் வந்தால்தான் தெரியும்.

பைரசின் பச்சைக் காய் நாளிலேயே சேர ஆரம்பிக்கும். நிறம் திரும்புவதற்குச் சற்று முன்னால் உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு இறங்கிக்கொண்டே போகும். காய்ப் பருவத்தில் குலை இலைகளுக்குள் புதைந்து கிடந்தால் நிறையச் சேரும். வெளிச்சம் பட்டால் குறைவாகவே சேரும். அதனால்தான் தழைத்து மூடிய கொடியில் விளைந்த கேபர்னே, சர்க்கரை ஏறிய பிறகும் பச்சையாக மணக்கிறது.

அது கெட்ட வாசனையா?

ஆளைப் பொறுத்தது, ஒயினையும் பொறுத்தது. நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவின்யான் பிளாங்க் உலகம் முழுக்க விற்பதே அந்தப் பச்சை வாசனையும், கூடவே வரும் கொய்யா, பாஷன் பழ வாசனையும் சேர்ந்த கலவையால்தான். அந்தப் பச்சையை முழுக்க எடுத்துவிட்டால் அது வேறு ஒயின். கேபர்னேயில் லேசாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். கூடிப்போனால் பீன்ஸ் வேகவைத்த தண்ணீரைக் குடிப்பது மாதிரி இருக்கும்.

இலையை எப்போது பறிக்க வேண்டும்?

மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது. பைரசினைக் குறைக்க வேண்டுமானால் பூ முடிந்து காய் பிடித்த சில வாரங்களுக்குள் பறித்துவிட வேண்டும். நிறம் திரும்பிய பிறகு பறித்தால் பெரிய பலன் கிடையாது. சேர்வது சேர்ந்து முடிந்திருக்கும், இனி அது தானாக இறங்கும்.

முன்கூட்டிப் பறிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சின்ன வயதிலிருந்தே வெயில் பார்த்த காய், தோலைத் தயார்படுத்திக்கொள்ளும். சொன்னேனே, அந்த ஃபிளேவனால்தான் அதற்குக் குடை. நிழலிலேயே வளர்ந்த காயைத் திடீரென்று கோடை உச்சியில் திறந்துவிட்டால் வெந்துபோகும். வீட்டுக்குள் வளர்த்த நாற்றை நேராக மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கிழக்குப் பக்கம் மட்டும் பறிக்கச் சொல்கிறார்களே, ஏன்?

இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே வரிசைகள் பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடும். ஒரு பக்கத்துக்குக் காலை வெயில், மறு பக்கத்துக்கு மாலை வெயில். முதல் பருவத்தில் மேஸ்திரி "கிழக்குப் பக்கம் மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆர்வக்கோளாறு. ஒரு வரிசையில் இரண்டு பக்கமும் சுத்தமாகப் பறித்து, குலைகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்த நகை மாதிரி தெரியும்படி செய்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இங்கே கோடை ஜனவரியில்தான். அந்த ஜனவரியில் மூன்று நாள் 42 டிகிரி அடித்தது. நான்காம் நாள் போய்ப் பார்த்தால் மேற்குப் பக்கக் குலைகளில், வெளியே பார்த்த காய்களுக்கு மட்டும் இஸ்திரிப்பெட்டி வைத்து எடுத்த மாதிரி பழுப்பு வட்டம். ஒரு வாரத்தில் அவை சுருங்கி உலர்ந்துவிட்டன. அதே குலையைத் திருப்பினால் உட்புறக் காய்கள் பச்சையாக, கண்ணாடி போல நன்றாகவே இருந்தன. கிழக்குப் பக்கத்தில் ஒரு காய்கூடக் கருகவில்லை.

இரண்டு பக்கமும் பட்டது ஒரே சூரியன்தான். காலையில் வெயில் படும்போது காற்று குளிர்ந்திருக்கும். மாலையில் காற்றே கொதித்துக்கொண்டிருக்கும்போது அதன் மேல் வெயிலும் ஏறும். நேர் வெயிலில் இருக்கும் காய், சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரிக்கு மேல்கூடச் சூடேறும். 42க்கு மேல் 10 போட்டுப் பாருங்கள். மேஸ்திரி திட்டவில்லை, அந்த வரிசையை அடுத்த ஆண்டு வரை எல்லாரிடமும் என் பெயரைச் சொல்லியே குறிப்பிட்டார்.

அப்படியானால் வேலை செய்வது வெளிச்சமா, சூடா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். "வெயில்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு இருக்கின்றன. தோட்டத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் 1999, 2000 பருவங்களில் மெர்லோ திராட்சையை வைத்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். வெயிலில் இருந்த குலைகளின் மேல் குளிர்ந்த காற்றை ஊதி, நிழல் குலைகளின் சூட்டுக்கு இறக்கினார்கள். நிழலில் இருந்த குலைகளின் மேல் சூடான காற்றை ஊதி, வெயில் குலைகளின் சூட்டுக்கு ஏற்றினார்கள். ஆக, வெளிச்சம் உண்டு சூடு இல்லை. சூடு உண்டு வெளிச்சம் இல்லை. முடிவு: தோலின் சிவப்பு நிறத்தை ஏற்றியது வெளிச்சம், மிதமிஞ்சிய சூடு அதைக் குறைத்தது. வெயிலில் இருந்தும் குளிர்விக்கப்பட்ட குலைதான் நிறத்தில் ஜெயித்தது.

அவர்கள் பார்த்தது நிறத்தை. ஆனால் மணத்தைப் பற்றி யோசிக்கவும் எனக்கு அந்தச் சோதனைதான் வழிகாட்டி. காலை வெயில் என்பது கிட்டத்தட்ட அந்தக் குளிர்காற்று ஊதிய குலைதான்: வெளிச்சம் நிறைய, சூடு கொஞ்சம். காசு செலவில்லாமல் இயற்கையே செய்து தருகிறது.

பன்னீர் திராட்சையின் பன்னீர் வாசனைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவுக்கும் ஸ்கியாவா குரோசா என்ற கறுப்புத் திராட்சைக்கும் பிறந்தது. இதே வகையைச் சீனாவில் ஒயினுக்கும் பயன்படுத்துகிறார்கள். கர்நாடகத்தில் குலாபி என்பார்கள், அங்கேயும் ரோஜாதான். யாரும் யாரையும் கேட்டு வைத்த பெயர் இல்லை, மூக்கு சொன்னதை வைத்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மஸ்கட் குடும்பத்தின் சொத்து டெர்பீன்கள். அதில் ஜெரானியால் ரோஜா எண்ணெயில் இருப்பது. லினலூல் கொத்தமல்லி விதையில் இருப்பது. மல்லியை வறுக்கும்போது முதலில் எழும் அந்த லேசான பூ வாசனை நினைவிருக்கிறதா, அது. சாதாரணத் திராட்சையில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாத டெர்பீன், மஸ்கட்டில் 6 மில்லிகிராம் வரைகூடப் போகும்.

ஒரு சூட்சுமம். பழத்தில் உள்ள டெர்பீனில் பெரும்பகுதி சர்க்கரையோடு கட்டிப்போட்ட நிலையில் இருக்கும். கட்டில் இருக்கும்வரை மணக்காது. நொதிக்கும்போதும், பிறகு பாட்டிலில் இருக்கும்போதும் கட்டு கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். திராட்சையாகத் தின்றபோது தெரியாத வாசனை ஒயினில் தெரிவது இதனால்.

நிழலில் டெர்பீன் குறைவாகச் சேரும், வெளிச்சத்தில் கூடும், ஆனால் பழம் கொதிக்கும் அளவுக்குப் போனால் மறுபடி குறையும். ஆக, சூடான ஊர்களில் மஸ்கட்டுக்கு ஏற்றது அரை நிழல்.

பந்தலில் குலை இலைக்கு அடியில்தானே தொங்குகிறது? அப்போது மணம் குறைந்துவிடாதா?

சித்தப்பாவிடம் முதலில் இலை பறிப்பதைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். "எலையப் பிடுங்கிப் போட்டா பழம் வெந்துல்லடா போகும்!" அவர் சொன்னது சரி. நம் ஊர் உச்சி வெயில் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே இறங்குவது. அதைத் தாங்கும் குடைதான் பந்தல். பந்தலை யோசித்தவர்கள் மணத்தை யோசித்துச் செய்யவில்லை. விளைச்சலையும் பழம் கருகாமல் இருப்பதையும் யோசித்துச் செய்தார்கள்.

ஆனால் பந்தலிலும் பந்தல் உண்டு. நடுப்பகலில் உள்ளே போய்த் தரையைப் பாருங்கள். வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து, காற்றுக்கு நகர்ந்துகொண்டிருந்தால் அது நல்ல பந்தல். தரை முழுக்க ஒரே கருக்கலாக இருந்தால் மேலே இலை மூன்று அடுக்குக்கு மேல் மூடியிருக்கிறது என்று பொருள். அந்த இருட்டில் மணம் குறைவது ஒருபக்கம், காற்றோட்டம் இல்லாமல் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் வருவது இன்னொரு பக்கம். அங்கே கொஞ்சம் கொடி தட்டி விடுவதில் தவறில்லை.

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது இதைச் சோதித்தோம். பொட்டு வெயில் விழும் ஓரத்திலிருந்து ஒரு குலை, நடுவில் இருட்டிலிருந்து ஒரு குலை. சித்தப்பா இரண்டிலும் ஒவ்வொரு பழமாகப் போட்டுத் தோலோடு மென்றார். "ஓரத்துப் பழந்தான் மணக்குது. ஆனா ஏவாரி ரெண்டையும் ஒரே வெலைக்குத்தான எடுக்கான்" என்றார். எடைக்குக் காசு கொடுக்கிற சந்தையில் மணத்துக்காக யார் மெனக்கெடுவார்கள்? போதாததற்கு, விலை இருக்கும்போதே விற்க வேண்டுமென்று சீக்கிரம் வெட்டிவிடுகிறோம். டெர்பீன் கடைசி நாள்களில்தான் நன்றாக ஏறும். பன்னீர் திராட்சையில் பன்னீர் மணக்கவில்லை என்ற புகாருக்கு முதல் காரணம் பந்தல் இல்லை, அவசர அறுவடை என்பது என் கட்சி.

ரீஸ்லிங் ஒயினில் மண்ணெண்ணெய் வாசனை வருவது உண்மையா?

உண்மை. ரீஸ்லிங் ஒரு வெள்ளை ஒயின் திராட்சை. அதன் பழைய ஒயினை, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் ஒரு முகர்வில் சொல்லிவிடுவார்கள். டி.டி.என். என்று சுருக்கிச் சொல்லும் பொருள் அது. திராட்சையின் தோலில் உள்ள கரோட்டினாய்டு, அதாவது கேரட்டுக்கு நிறம் தருகிற பொருளின் குடும்பம், பழுக்கும்போது உடைகிறது. உடைந்த துண்டுகளில் சில, ஒயினின் புளிப்பில் ஆண்டுக்கணக்கில் ஊறி டி.டி.என். ஆகின்றன. அதனால் புது ரீஸ்லிங்கில் தெரியாதது பழைய ரீஸ்லிங்கில் தெரியும்.

குலைக்கு வெயில் கூடினால் இதுவும் கூடும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைச் சரிவுகளைவிட ஆஸ்திரேலிய ரீஸ்லிங்கில் இந்த வாசனை சீக்கிரமும் தூக்கலாகவும் வருவதற்கு வெயில் ஒரு முக்கியக் காரணம். இன்னொரு வேடிக்கை: கார்க் மூடி டி.டி.என்.னைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், திருகு மூடி உறிஞ்சாது. இங்கே ரீஸ்லிங் எல்லாம் திருகு மூடிதான்.

சிலர் இதைக் குறை என்கிறார்கள், சிலர் இதற்காகவே பத்து வருடம் பாட்டிலை வைத்திருந்து குடிக்கிறார்கள். எங்கள் ரீஸ்லிங் வரிசைகளில் இலை பறிக்கும் பேச்சே கிடையாது.

இதே கரோட்டினாய்டு உடைந்து வரும் இன்னொரு துண்டு டமாசினோன். ரோஜாவும் வேகவைத்த ஆப்பிளும் கலந்த வாசனை. முதலில் சொன்ன கறுப்புப் பெட்டிச் சோதனையில் குறைந்துபோன மணங்களில் இதுவும் ஒன்று.

நிழல்தான் நல்லது என்று சொல்லும் மணம் ஏதாவது உண்டா?

உண்டு: மிளகு. குளிர்ந்த இடத்து ஷிராஸில் புதிதாகப் பொடித்த மிளகு வாசனை வரும். அது எதனால் என்று நெடுநாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 2008இல் அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைப் பிடித்தார்கள்: ரோட்டண்டோன். பார்த்தால் மிளகிலேயே அதுதான் வாசனை! காலம் காலமாக மிளகு விற்ற நமக்கே அது தெரியாது.

இதைவிடச் சுவையான செய்தி அந்தப் பெயரில் இருக்கிறது. ரோட்டண்டோனை முதன்முதலில் எடுத்தது கோரைக்கிழங்கிலிருந்து. அதன் தாவரப் பெயர் சைபரஸ் ரோட்டண்டஸ். அங்கிருந்து வந்தது ரோட்டண்டோன். வயலில் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போகும் கோரை, நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குப் போடும் கோரைக்கிழங்கு, அதுவேதான். கிழங்கை உரசி மோந்து பார்த்துவிட்டு ஒரு நல்ல குளிர்ப்பிரதேச ஷிராஸை மோந்து பாருங்கள், தூரத்து உறவு தெரியும்.

விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் மலைப் பகுதி இந்த மிளகு ஷிராஸுக்குப் பேர்போனது. அங்கே செய்த ஆய்வில், ஒரே குலையிலேயே நிழல் பக்கத்துப் பழங்களில் ரோட்டண்டோன் கூடுதலாக இருந்தது. குலையின் சூடு 25 டிகிரியைத் தாண்டியிருக்கும் நேரம் கூடக் கூட இது குறைகிறது. இது தோலில், பழுக்கும் கடைசிக் கட்டத்தில் சேர்வது. மிளகு வேண்டும் என்பவர் இலையைத் தொடவே கூடாது.

எனக்கு அந்த மிளகு வாசனையே தெரியவில்லையே?

உங்கள் தவறு இல்லை. சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரியும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தப் பொருள் எவ்வளவு போட்டாலும் மூக்கில் பிடிபடாது. ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை போடுவதில் பாதி இதனால்தான்.

எத்தனை இலை இருந்தால் சரி?

ஒரு இலை தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கீழே விடாது. அதற்கு அடியில் இன்னொரு இலை என்றால் நூற்றில் ஒன்று. மூன்றாவது இலைக்கு அடியில் தொங்கும் குலைக்குப் பகலும் இரவும் ஒன்றுதான்.

ரிச்சர்ட் ஸ்மார்ட் என்ற ஆஸ்திரேலியர் இந்த இலையடுக்குக் கணக்கை உலகமெல்லாம் போய்ச் சொல்லிக் கொடுத்தவர். ஒரு மெல்லிய கம்பியைக் குலை மட்டத்தில் கொடிக்குள் நேராகச் செருகி, மறுபக்கம் வருவதற்குள் எத்தனை இலையைத் தொடுகிறது என்று எண்ணுவது. ஐம்பது இடத்தில் செருகிச் சராசரி எடுத்தால் ஒன்று, ஒன்றரை இலை வர வேண்டும். மூன்று வந்தால் காடு. கருவி வாங்க வேண்டியதில்லை, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும்.

ஆனால் அந்தக் கணக்கு குளிர்ந்த, தழை மிகுந்த தோட்டங்களை மனதில் வைத்துப் பிறந்தது. 40 டிகிரி அடிக்கும் ஊரில் நான் இரண்டு இலையை விட்டுவைப்பேன்.

எல்லா ஊர் வெயிலும் ஒன்றுதானா?

இல்லை. கோடையில் நியூசிலாந்தில் விழும் புற ஊதாக் கதிர், பூமியின் வட பாதியில் அதே அட்சரேகையில் உள்ள ஊர்களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். ஜனவரியில் பூமி சூரியனுக்குச் சற்று அருகே இருப்பது, ஓசோன் குறைவு, காற்றில் மாசு குறைவு எல்லாம் சேர்ந்த விளைவு. காற்று குளிர்ந்திருக்கும், வெளிச்சம் மட்டும் சுள்ளென்று இருக்கும்.

நாசிக்கில் எப்படி?

மகாராஷ்டிரத்தில் ஒயின் திராட்சைக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஆண்டுக்கு இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் ஒன்று, கொடியைத் தயார்படுத்த; செப்டம்பர், அக்டோபரில் ஒன்று, காய்க்க. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. மழை இல்லாத காலம் என்பது பெரிய வரம். ஆனால் ஒரு தலைகீழ் உண்டு. ஐரோப்பாவில் பழம் பழுக்கப் பழுக்க ஊர் குளிர்ந்துகொண்டே போகும். நாசிக்கில் பழம் பழுக்கப் பழுக்க வெயில் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்து அறுவடைக்கு முன் குலையைத் திறந்துவிட்டால் மணம் ஆவியாகிவிடும். இலையைக் காய்ப் பருவத்தில் எடுத்து, பழுக்கும் நேரத்தில் மறுபடி நிழல் கூடும்படி விடுவதுதான் அந்த மாதிரி ஊருக்குப் பொருந்தும்.

நிழல் வலை கட்டலாமா, வெள்ளைக் களிமண் தெளிக்கலாமா?

இரண்டும் செய்கிறார்கள். இலையிலும் குலையிலும் படியும் களிமண் வெயிலைத் திருப்பியடித்துச் சூட்டைக் குறைக்கும்; மழை பெய்தால் போய்விடும். வலை நிரந்தரம், செலவும் அதிகம். மேற்குப் பக்கம் மட்டும் வலை கட்டுவது எனக்குப் பிடித்த வழி.

பச்சை வாசனை என்றாலே நிழலின் குற்றமா?

எப்போதும் இல்லை. சீக்கிரம் வெட்டிய பழம் புல் மாதிரி மணக்கும், காம்போடு நசுக்கினாலும் வரும். கனடாவின் ஒண்டாரியோவில் 2001இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஆசியாவிலிருந்து வந்த புள்ளி வண்டுகள் குலைகளுக்குள் புகுந்து, பழத்தோடு சேர்ந்து நசுங்கி, ஒயினுக்கே நிலக்கடலையும் குடைமிளகாயும் கலந்த ஒரு வாடையைக் கொடுத்துவிட்டன. வண்டு சுரப்பதும் ஒரு பைரசின்தான்.

தோட்டத்தில் நின்றபடியே வாயில் போட்டு மணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பழத்தைப் பிதுக்கிச் சாற்றை முழுங்கிவிடுங்கள், அதில் பார்க்க ஒன்றுமில்லை. தோலை மட்டும் பின்பற்களில் வைத்து இருபது தடவை மெல்லுங்கள். பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். குடைமிளகாய் இருந்தால் அப்போது தெரியும். மஸ்கட்டாக இருந்தால் ஒரு நிமிடம் கழித்துத்தான் பூ வாசனை நிற்கிறதா என்று தெரியும். ஒரே கொடியில் கிழக்கு, மேற்கு, உள்ளே, வெளியே என்று நான்கு இடத்தில் எடுத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்குள் செய்யுங்கள். வெயில் ஏறிய பிறகு சூடான பழத்தில் எல்லாமே ஜாம் மாதிரிதான் தெரியும்.

கடைசியாக: ஒயின் பாட்டிலை வெயிலில் வைக்கலாமா?

வேண்டாம். ஜன்னல் ஓரத்திலும், கடையின் குழல்விளக்குக்குக் கீழேயும்கூட வேண்டாம். ஒயினில் இயல்பாக உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினும் மெதியோனின் என்ற அமினோ அமிலமும் வெளிச்சத்தில் சேர்ந்து, வெந்த முட்டைக்கோஸ் வாடையை உண்டாக்கும். நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும் வெள்ளை ஒயினுக்கு நல்ல வெளிச்சத்தில் சில மணி நேரம் போதும். பச்சை, பழுப்புக் கண்ணாடி கொஞ்சம் காப்பாற்றும். கடையில் வாங்கும்போது முன்வரிசைப் பாட்டிலை விட்டுவிட்டுப் பின்னால் கைவிட்டு எடுங்கள்.